சென்னையின் பஸ், ரயில், மெட்ரோ விரிவாக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பொதுப் போக்குவரத்து விரிவாவதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்கு வருகிற இடத்தில் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறோம். உங்கள் வழித்தடத்தின் எண்களைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நகரம் உண்மையில் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது?

மாநகராட்சி எல்லை 2011ல் 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யாக இருந்ததை 5,904 ஆக்கி 2022 அக்டோபரில் ஆணை வந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே நகரமும் ஒட்டிய புறநகரும் சேர்ந்த மக்கள்தொகை 86 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகை கட்டுப்படியாகாமல் ஊரப்பாக்கம், ஆவடி, நாவலூர் என்று தள்ளிப் போனவர்களின் வேலை இன்னும் கிண்டியிலும் அண்ணா சாலையிலும்தான் இருக்கிறது. ஆக, தலைக்கணக்கைவிட வேகமாக வளர்ந்தது ஒவ்வொருவரும் தினமும் போய்வரும் தூரம்.

இப்போது என்னென்ன ஓடுகின்றன, யார் கையில்?

புறநகர் மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயிடம். பஸ்கள் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம். மெட்ரோ, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்திடம். சாலையும் நடைபாதையும் இடத்தைப் பொறுத்து மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். பேருந்து முனையங்கள் கட்டுவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.).

இவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது 'கும்டா'. சட்டம் 2010லேயே வந்தாயிற்று. முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இந்த 12 ஆண்டு இடைவெளியில் அவரவர் திட்டத்தை அவரவர் போட்டுக்கொண்டார்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு வேர் இங்கேதான்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் எந்தெந்த வழியாகப் போகிறது?

முதல் கட்டம் இரண்டு வழித்தடம், 45 கி.மீ. 2015 ஜூன் 29ல் கோயம்பேடு–ஆலந்தூர் திறந்தது. 2019 பிப்ரவரியில் முழுதும் முடிந்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கி.மீ. நீண்டது.

இரண்டாம் கட்டம் திட்ட அளவில் 118.9 கி.மீ., மூன்று வழித்தடம். மூன்றாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாக சிறுசேரி சிப்காட். நான்காவது கலங்கரை விளக்கத்திலிருந்து பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி. ஐந்தாவது மாதவரத்திலிருந்து வில்லிவாக்கம், கோயம்பேடு, ஆலந்தூர், மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர்.

மூன்றில் அதிகம் பேசப்படாதது ஐந்தாவது. ஆனால் நகரத்தின் போக்கை மாற்றப்போவது அதுதான் என்பது எங்கள் கணிப்பு. மற்ற பழைய தடங்கள் எல்லாமே சென்ட்ரல், பீச், பாரிமுனை பக்கம் கொண்டுபோய் விடுபவை. வில்லிவாக்கத்தில் குடியிருந்து மேடவாக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு நகரின் நடுவைத் தொடாமல் சுற்றிப்போக இதுவரை ஒரு ரயில் கிடையாது.

செலவு எவ்வளவு?

2024 அக்டோபர் 3ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை 63,246 கோடி ரூபாய். 118.9ஆல் வகுத்தால் கி.மீ.க்கு சுமார் 532 கோடி. ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கி.மீ. மெட்ரோவின் விலைக்கு 350 பஸ் வாங்கலாம். இதைச் சொன்னால் மெட்ரோவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆற்காடு சாலையில் 350 பஸ்ஸை விட்டால் அவை நிற்கத்தான் முடியும், நகர முடியாது. ஆனால் 500 கோடிக்குக் கையெழுத்துப் போடும்போது, ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேரும் பஸ்ஸுக்கு ஐந்து கோடி இல்லை என்று சொன்னால் அந்தக் கணக்கு எங்கோ உதைக்கிறது.

அறிவித்ததிலிருந்து ரயில் ஓடும்வரை ஏன் இத்தனை ஆண்டு?

வரிசை இது. முதலில் மாற்று வழிகளின் ஆய்வு: இதே தடத்தில் பஸ்ஸோ வேறு ஏதோ போதுமா என்று பார்க்க வேண்டும், 2017ன் மெட்ரோ ரயில் கொள்கை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திட்டத்தால் பொருளாதாரத்துக்குக் கிடைக்கும் பலன் 14 சதவீதமாவது வர வேண்டும் என்பதும் அதே கொள்கையில் உண்டு. பிறகு விரிவான திட்ட அறிக்கை, மாநில ஒப்புதல், மத்திய ஒப்புதல், வெளிநாட்டு வங்கிக் கடன். சென்னைக்கு ஜப்பானின் ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. அதன்பின் மண் பரிசோதனை, நிலம் எடுப்பு, டெண்டர்.

இவ்வளவும் காகிதம். களத்தில் முதல் ஆண்டைத் தின்பது நிலத்தடிக் குழாய்களும் கேபிள்களும். ஒரு தூண் அஸ்திவாரத்துக்குக் குழி போடும் முன் அந்த இடத்தில் கையாலேயே சோதனைக்குழி வெட்டிப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் ஒரு குடிநீர்க் குழாய் என்று இருக்கும். வெட்டினால் குடிநீர், கழிவுநீர், உயரழுத்த மின்கேபிள், நாலு கம்பெனியின் கண்ணாடியிழைக் கேபிள் என்று கொத்தாக வரும். எது யாருடையது, எதில் உயிர் இருக்கிறது, எது செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். செத்தது என்று நினைத்து அறுத்த கேபிளில் ஒரு பேட்டையே இருட்டாகும். அந்தந்தத் துறை வந்து மாற்றுப்பாதை போட்டு, இணைத்து, சோதித்து, பழையதை நிறுத்திய பிறகுதான் துளையிடும் இயந்திரம் உள்ளே வரும். சாலை மூடிக்கிடக்க, உள்ளே யாரும் வேலை செய்யாத மாதிரி தெரியும் நாட்கள் பெரும்பாலும் இவைதான்.

கட்டுமானம் முடிந்தாலும் ரயில் உடனே ஓடாது. தண்டவாளம், 25,000 வோல்ட் மேல்நிலை மின்கம்பி, சிக்னல், பிறகு வெற்று ரயில் ஓட்டம், வேகத்தில் ஆட்டம் எவ்வளவு என்ற சோதனை, கடைசியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் சான்று. அவர் ஒரு குறை சொன்னால் அதைச் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். திறப்பு விழாத் தேதி தள்ளிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பூந்தமல்லிப் பக்கம் ஏன் முதலில் தயாரானது?

பணிமனை அங்கே இருக்கிறது. ரயில் பெட்டி லாரியில் வந்து இறங்கவும், இரவில் நிற்கவும், சக்கரம் பார்க்கவும் பணிமனை வேண்டும்; அதோடு ஒட்டாத துண்டு எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் ஓட்டிப்பார்க்க ரயில் இருக்காது. தவிர அந்தப் பகுதி முழுக்கத் தூண்மேல் போவது. 2025 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டம் அங்கே நடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான், அரசியல் எதுவுமில்லை.

சுரங்கமா, மேம்பாலமா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

சாலை அகலம், வளைவு, குறுக்கே ஏற்கெனவே இருக்கும் மேம்பாலம், பழைய கட்டடங்கள். சுரங்கத்துக்குச் செலவு மேம்பாலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. அதனால் இடம் இருந்தால் தூண், இல்லாவிட்டால் சுரங்கம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தை ஆற்காடு சாலையில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை சுமார் 4 கி.மீ.க்கு நான்காவது, ஐந்தாவது வழித்தடங்கள் ஒரே தூண்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் இரண்டு வரிசைத் தூணுக்குச் சாலை காணாது. இதற்கான விலை உயரம்: மேல்தளத்து நடைமேடைக்கு லிஃப்டும் எஸ்கலேட்டரும் பழுதாகாமல் ஓடியாக வேண்டும். எஸ்கலேட்டர் நின்ற நாளில் மூட்டுவலிக்காரர் ஷேர் ஆட்டோவுக்கே திரும்பிவிடுவார்.

சுரங்கம் தோண்டும்போது வீட்டு போர்வெல்லிலிருந்து நுரையும் சேறும் வருகிறது. பயப்பட வேண்டுமா?

சுரங்க இயந்திரத்தின் முன்பக்கம் சுழலும் வட்டத்தட்டு மண்ணை அறுக்கிறது. அறுத்த மண் சரியாமல் இருக்க, எதிரில் இருக்கும் மண், நிலத்தடி நீர் ஆகியவற்றின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தை உள்ளே வைத்திருக்க வேண்டும். மண்ணைப் பிசைந்த மாவு பதத்துக்குக் கொண்டுவர நுரையோ பெண்டோனைட் களிக்கரைசலோ செலுத்துவார்கள். இயந்திரம் போகும் வழியில் மூடாமல் விட்ட பழைய ஆழ்துளைக் கிணறு இருந்தால், அழுத்தத்துக்கு அது ஒரு ஓட்டை. சோடா பாட்டில் மாதிரி நுரை மேலே வந்துவிடும்.

நுரை வருவதைவிட அதன் பிறகு நடப்பதுதான் கவலை. அழுத்தம் கழன்றால் முன்னால் இருக்கும் மண் தேவைக்குமேல் உள்ளே வந்துவிடும், மேலே குழிவிழும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் ஜெமினி அருகே சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கியது நினைவிருக்கும். சென்னையின் அடிமண் சீரானதல்ல. களி, மணல், அதற்கடியில் கரும்பாறை. வெட்டுமுகத்தின் கீழ்ப்பாதி பாறையும் மேல்பாதி மணலுமாக வருவதுதான் மோசமான இடம். பாறைக்காக மெதுவாகப் போனால் மணல் சரிகிறது. வேகம் கூட்டினால் வெட்டுப்பற்கள் உடைகின்றன. நல்ல மண்ணில் ஒரு நாளைக்கு எட்டு பத்து மீட்டர் போகும் இயந்திரம் இங்கே இரண்டு மூன்று மீட்டரில் முனகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தடத்தின் மேல் வீடு இருந்தால், உபயோகத்தில் இல்லாத போர்வெல் உட்பட எல்லாவற்றையும் ஆய்வுக்கு வருபவர்களிடம் சொல்லுங்கள். மூடிப் பூசி மேலே டைல்ஸ் போட்டதையும் சேர்த்து. வேலை தொடங்கும் முன் கட்டட நிலை ஆய்வு நடக்கும்; அப்போது நீங்களும் சுவர் விரிசல்களைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு 'இது பழைய விரிசல்' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நுரை வந்தால் உடனே களப் பொறியாளருக்குத் தெரிவியுங்கள், நீங்களாகக் கல்லைப் போட்டு அடைக்காதீர்கள்.

மூன்றே பெட்டி ரயில் போதுமா? அதுவும் டிரைவர் இல்லாமலா?

முதல் கட்டத்தில் நான்கு பெட்டி. இரண்டாம் கட்டத்தில் மூன்று. மூன்று பெட்டியில் நெருக்கி ஏறினால் சுமார் 1,000 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 20 ரயில், ஒரு திசையில் 20,000 பேர். இதையே 65 பேர் ஏறும் பஸ்ஸில் கொண்டுபோக மணிக்கு 300 பஸ், அதாவது 12 விநாடிக்கு ஒன்று வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 40,000.

ஓட்டுநர் இல்லாத ஏற்பாட்டின் பயன் இங்கேதான். ரயில்களுக்கிடையே இடைவெளியைக் குறைக்கவும், கூட்டத்தைப் பார்த்துக் கூடுதல் ரயிலைச் சட்டென்று இறக்கவும் அது உதவும். நீண்ட ரயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருவதைவிடக் குட்டி ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வருவதே பயணிக்கு நல்லது. ஆனால் ரயில் எண்ணிக்கையைக் கூட்டாமல் மூன்று பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டால், காலை ஒன்பதுக்கு ஓ.எம்.ஆரில் கதவு மூடாது.

ஒரு பஸ் வழித்தடத்துக்கு எத்தனை பஸ் வேண்டும்?

இதைத் தெரிந்துகொண்டால் பஸ் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். 20 கி.மீ. நீளத் தடம், நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 80 நிமிடம். கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்க, கழிப்பறைக்குப் போக, தாமதத்தை ஈடுகட்ட 10 நிமிடம். போகவர 180 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 180ஐ 10ஆல் வகுங்கள்: 18 பஸ். பழுது, எஃப்.சி. (தகுதிச் சான்று) என்று பத்து சதவீதம் சேர்த்தால் 20.

பஸ் வந்தாயிற்று, ஆட்கள்? 18 பஸ், இரண்டு ஷிஃப்ட், தினமும் 36 டிரைவர். வார விடுப்புக்குச் சேர்த்தால் 42. மற்ற விடுப்புகளுக்கும் சேர்த்தால் 48. கண்டக்டரும் அதே 48. ஆக ஒரே ஒரு தடத்துக்கு 96 பேர். புது பஸ் வந்த செய்தி வரும்போதெல்லாம் ஆள் எடுத்த செய்தி வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் புது பஸ் வந்த அன்று பழைய பஸ் டெப்போவில் படுத்துவிடும். சாலையில் எண்ணிக்கை மாறாது.

இப்போது நெரிசல் கூடி வேகம் 12க்கு இறங்குகிறது. ஒரு நடை 100 நிமிடம், போகவர 220. அதே 18 பஸ்ஸை வைத்துக்கொண்டால் இடைவெளி 12 நிமிடத்துக்கு மேல் போகும். பத்தாகவே வைக்க வேண்டுமென்றால் இன்னும் நாலு பஸ். சாலையில் பஸ்ஸுக்குத் தனித்தடம் கொடுத்து வேகம் 20 ஆனால் போகவர 140 நிமிடம். 14 பஸ் போதும், அல்லது இருக்கிற 18ஐ வைத்து எட்டு நிமிடத்துக்குள் ஒன்று விடலாம். பெயிண்ட் அடித்து, காவலர் நிறுத்தி, சிக்னலைச் சரிசெய்தால் நாலு பஸ்ஸும் கிட்டத்தட்ட இருபது ஊழியரும் மிச்சம்.

அரை மணி நேரம் பஸ்ஸே வராது, பிறகு மூன்று ஒன்றாக வரும். ஏன்?

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் சிக்கினால் அடுத்த ஸ்டாப்பில் மூன்று நிமிடக் கூட்டம் அதிகமாக நிற்கும். அவர்கள் ஏற இன்னும் நேரம் ஆகும், இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஸ்டாப்பில் ஆளே இல்லை. அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி மாதிரி நகரைக் குறுக்கே வெட்டிப்போகும் நீண்ட தடங்களில் இது தவிர்க்க முடியாதது.

மருந்து இரண்டு. கடைசி ஸ்டாப்பில் அந்தப் பத்து நிமிட ஓய்வைப் பிடுங்காமல் இருப்பது. அதைக் குறைத்துவிட்டு 'ஒரு நடை அதிகம் ஓட்டினோம்' என்று கணக்கெழுதினால் காலைத் தாமதம் மாலைவரை தொடரும். இன்னொன்று, ஜி.பி.எஸ். பார்த்து நடுவழியில் ஒரு பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்திவைப்பது. உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள். கட் சர்வீஸ் விட்டு நெரிசலான நடுப்பகுதியை மட்டும் ஓட்டுவதும் உதவும், போர்டில் தெளிவாக எழுதியிருந்தால்.

தனித்தடம் டெல்லியில் தோற்றுப்போனதே?

அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கி.மீ., 2008ல் வந்தது, 2016ல் பெயர்த்தார்கள். சாலையின் நடுவில் தடம், அதனால் பயணி சாலையைப் பாதி கடந்தே ஏற வேண்டும்; எந்த பஸ்ஸும் உள்ளே வரலாம்; சிக்னல் சுற்று மிக நீளம். அகமதாபாத்தில் 2009ல் தொடங்கிய ஜன்மார்க் தனித்தடம், மூடிய நிலையமும் அதற்கென்றே பஸ்ஸும் வைத்து நிலைத்துவிட்டது. சென்னையில் எல்லா இடத்திலும் போட முடியாது. மூன்று லேன் இருக்கும் இடங்களில் காலை எட்டு முதல் பதினொன்று வரையாவது இடது ஓரத்தைப் பார்க்கிங்கிலிருந்து மீட்டாலே பாதி வேலை முடியும். கார் வைத்திருப்பவர் கத்துவது கேட்கும். பஸ்ஸில் நிற்கும் 65 பேர் கத்துவது யாருக்கும் கேட்காது.

மின்சார பஸ்ஸுக்கு டெப்போவில் என்ன மாற வேண்டும்?

2025 ஜூன் 30ல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து முதல் 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. ஒரு சார்ஜில் சுமார் 200 கி.மீ. இந்த 12 மீட்டர் பஸ் கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தின்னும் என்று கொண்டால், 120 பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 24,000 யூனிட். இதை இரவு ஆறு மணி நேரத்தில் ஏற்ற 4,000 கிலோவாட் வேண்டும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு ஆகாது. துணைமின்நிலையத்திலிருந்து தனி உயரழுத்த லைன், டெப்போவுக்குள் டிரான்ஸ்ஃபார்மர், வேக சார்ஜர்கள். பஸ் வருவதற்கு ஓராண்டு முன்பே மின்வாரியத்தில் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். பல ஊர்களில் பஸ் வந்து வெயிலில் நின்றது, லைன் வரவில்லை.

அடுத்து மழை. தண்ணீர் தேங்கும் டெப்போவில் சார்ஜர் மேடையை வெள்ள மட்டத்துக்கு மேலே எழுப்பாமல் விட்டால், டிசம்பரில் மொத்த டெப்போவும் அணைந்துவிடும்.

மின்சார பஸ் விடுவது தனியார்மயம்தானே?

பாதி. மொத்தச் செலவு ஒப்பந்தம் என்ற முறையில் பஸ், டிரைவர், பராமரிப்பு ஒப்பந்ததாரருடையது. தடம், நேரம், கட்டணம், டிக்கெட் பணம் கழகத்துடையது. ஓடிய கி.மீ.க்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பார்கள். கவனிக்க வேண்டியது அபராதப் பட்டியல். கி.மீ.க்கு மட்டும் காசு என்றால் ஸ்டாப்பில் நிற்காமல் ஓடுவதே ஒப்பந்ததாரருக்கு லாபம். ஸ்டாப்பைத் தவிர்த்தல், நடையை விடுதல், சாய்தளம் வேலை செய்யாமை ஒவ்வொன்றுக்கும் கழிவு இருந்து, அதை உண்மையில் கழித்தால்தான் இந்த முறை உருப்படும்.

பெண்களுக்கு இலவசம் என்பதால் விரிவாக்கத்துக்குப் பணம் இல்லையா?

2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் தொகையை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. கண்டக்டர் விலையில்லா டிக்கெட்டையும் கிழித்துக் கொடுப்பது அந்தக் கணக்குக்காகத்தான், வாங்காமல் விடாதீர்கள். எந்தத் தடத்தில் எத்தனை பேர் என்ற கணக்கும் அதில்தான் சேர்கிறது.

பறக்கும் ரயில் பெரிய பெரிய ஸ்டேஷனோடு ஏன் காலியாகக் கிடக்கிறது?

பீச்சிலிருந்து சேப்பாக்கம் 1995, மயிலை 1997, வேளச்சேரி 2007. நிலம் எடுக்கும் தொல்லை குறைவு என்று பெரும்பகுதியை பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே கொண்டுபோனார்கள். விளைவு, ஸ்டேஷன்கள் கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. வாசலுக்கு பஸ் வராது, இரவில் வெளிச்சம் போதாது, ரயிலும் அடிக்கடி இல்லை. அடுத்து வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ.; 2008ல் தொடங்கிய அந்த வேலையை ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்தகராறு பத்தாண்டுக்கு மேல் கட்டிப்போட்டது. புறநகர் ரயிலோடும் மெட்ரோவோடும் சேராத அத்தனை ஆண்டும் அது ஒரு முட்டுச்சந்து. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931லேயே மின்சார ரயில் விட்ட ஊர் இது என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

கிளாம்பாக்கம் வெளியூர் பஸ் முனையத்தில் என்ன தவறு நடந்தது?

கட்டடத்தில் தவறில்லை; வரிசையில் தவறு. 2023 டிசம்பர் 30ல் முனையம் திறந்தபோது அருகில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடிகாலை நாலு மணிக்கு இரண்டு பையோடு இறங்குகிறவர், அங்கிருந்து திருவொற்றியூர் போக வேண்டும். ஊரிலிருந்து வந்த பஸ்ஸுக்கு 500 ரூபாய் கொடுத்தவர் ஆட்டோவுக்கும் கிட்டத்தட்ட அதையே கொடுத்தார். கோயம்பேடு பஸ் நிலையமும் 2002ல் திறந்து மெட்ரோவுக்கு 2015 வரை காத்திருந்தது. அது நகருக்குள் இருந்ததால் தாங்கிற்று. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. மேலே சொன்ன வரிசை முழுக்க அதற்கும் உண்டு.

ஒரே டிக்கெட் வந்துவிட்டதா?

2025 செப்டம்பர் 22ல் வந்த 'சென்னை ஒன்று' செயலியில் பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் எடுக்கலாம். சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும் பஸ்ஸிலும் செல்லும். டிக்கெட் ஒன்றானது; கட்டணம் இன்னும் ஒன்றாகவில்லை. பஸ்ஸில் குறைந்தது 5 ரூபாய், மெட்ரோவில் 10, புறநகரில் 5: வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகக் கட்டுகிறோம். இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது வண்டிக்கு மீதித் தூரக் காசு மட்டும் என்று ஆக்க, மூன்று நிறுவனங்களும் வருமானத்தைப் பங்கு பிரிக்கும் விதியில் கையெழுத்திட வேண்டும். மென்பொருள் வேலை அதில் சின்னது.

எங்கள் ஏரியாவுக்கு பஸ் விடச் சொல்லி எப்படிக் கேட்பது?

'பஸ் வசதி வேண்டும்' என்று நூறு கையெழுத்தோடு போகும் மனு அலமாரிக்குப் போகும். டெப்போ மேலாளரால் மறுக்க முடியாத மாதிரி எழுதுங்கள்.

முதலில் சாலையை அளந்து பாருங்கள். 12 மீட்டர் பஸ் திரும்ப 12 மீட்டர் ஆரம் வேண்டும். இரண்டு பஸ் எதிரெதிரே ஒதுங்க 7 மீட்டர் தார்ச்சாலை வேண்டும். இல்லையென்றால் சிற்றுந்து கேளுங்கள். தொங்கும் கேபிள், தாழ்ந்த மரக்கிளை, மழையில் மூழ்கும் சுரங்கப்பாதை இருந்தால் நீங்களே குறிப்பிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் முன். பஸ் திரும்பி நிற்க இடம் எது என்று வரைபடத்தில் காட்டுங்கள். அநேக மனுக்கள் விழுவது இந்த இடத்தில்தான்: பஸ் போக வழி இருக்கும், திரும்ப வழி இருக்காது.

பிறகு ஆள் கணக்கு. ஒரு வேலைநாளில் காலை 7 முதல் 10 வரை ஷேர் ஆட்டோ ஏறும் முனையில் இருவர் உட்கார்ந்து, கால் மணிக்கு எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று குறித்தால் போதும். முழுப் புதுத் தடம் கேட்காதீர்கள். அருகில் ஓடும் தடத்தின் நாலைந்து நடையை உங்கள் ஏரியாவரை நீட்டச் சொல்லுங்கள். நீட்டிப்பால் போகவர 20 நிமிடம் கூடினால், பத்து நிமிட இடைவெளித் தடத்துக்கு இரண்டு பஸ் கூடுதல் என்பதை மேலே பார்த்த கணக்குப்படி நீங்களே எழுதிவிடுங்கள்.

மனுவை மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கும், நகல் கும்டாவுக்கும் கவுன்சிலருக்கும் கொடுத்து, முதல்வரின் உதவி எண் 1100ல் பதிந்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நடை தொடங்கினால் முதல் மூன்று மாதம் டிக்கெட் கணக்கைப் பார்ப்பார்கள். அந்த மூன்று மாதமாவது, ஷேர் ஆட்டோ முன்னால் வந்து நின்றாலும் பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.